பாடத்தைத் துரத்த வேண்டாம், பிள்ளை நிற்கும் இடத்தைப் பாருங்கள்

கேள்வி (கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடியிருந்தபோது வந்தது): எனக்கு இரண்டு பிள்ளைகள். மகள் ஏழாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. கொரோனாவால் பள்ளிக்கூடம் திறப்பதும் மூடுவதுமாகவே இருக்கிறது. இப்போது மூன்றாவது முறையாக மூடியிருக்கிறார்கள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு கைப்பேசி. மகள் ஆன்லைன் வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறாள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள் இப்போது சாதாரணக் கழித்தலில்கூடத் தடுமாறுகிறாள். கேட்டால் எரிந்து விழுகிறாள், இல்லையென்றால் பேச்சே கிடையாது. அவள்மேல் உயிராக இருந்த என் மாமனார் இரண்டாம் அலையின்போது மருத்துவமனையில் இறந்துவிட்டார். மகனோ பள்ளிக்கூடத்தையே சரியாகப் பார்த்ததில்லை. எழுத்துகள் இன்னும் பிடிபடவில்லை. மாலையில் ஆன்லைன் டியூஷன் சேர்க்கலாம் என்கிறார் என் கணவர். மகளை இதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வைக்கலாம் என்கிறார் மாமியார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். என்னால் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்? விட்டுப்போன பாடத்தையெல்லாம் எப்படிப் பிடிப்பது?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கழித்தலைப் பற்றியும் கேமராவைப் பற்றியும் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். மாமனாரின் மறைவை மட்டும் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். வீட்டிலும் அப்படித்தான் கடந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. நோய்ப் பயமும் மருத்துவமனை அலைச்சலுமாகப் பெரியவர்களுக்கே அழுது தீர்க்க அவகாசம் கிடைக்காத நாட்கள் அவை. ஆனால், உங்கள் மகள் தாத்தாவைக் கடைசியாக எப்போது பார்த்தாள் என்று யோசித்துப் பாருங்கள். ஆம்புலன்ஸில் ஏறும்போது பார்த்ததுதான் கடைசி என்றால், அவள் இன்னும் அவரை வழியனுப்பவே இல்லை.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை துக்கத்தைப் பெரியவர்களைப் போல வெளியே காட்டாது. எரிந்து விழும், சுருண்டு படுக்கும், தூக்கம் கெடும். படித்தது மனத்தில் நிற்காது. துக்கத்தில் இருப்பவர்களுக்குக் கவனமும் ஞாபகமும் தளர்வதை நாம் எல்லோருமே அனுபவித்திருக்கிறோம். பிள்ளைகளுக்கும் அதுதான். ஆகவே அவள் மறந்துவிட்டதாக நீங்கள் நினைப்பதில் ஒரு பங்கு பள்ளி மூடியதால் வந்தது, இன்னொரு பங்கு தாத்தா போனதால் வந்தது. இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் டியூஷனால் சரிசெய்ய முடியாது.

அவளை எதிரில் உட்கார வைத்து விசாரிக்க வேண்டாம். துணி மடிக்கும்போதோ, இருவரும் ஏதாவது வேலையாக இருக்கும்போதோ, அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லுங்கள்: "தாத்தாவை நாம் சரியாக அனுப்பி வைக்கவே இல்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது." அவ்வளவு போதும். அவள் பதில் சொல்லாமல் எழுந்து போகலாம். போகட்டும். இரண்டு நாள் கழித்து வேறெதையோ பேசும்போது அவளாகவே அதைத் தொடுவாள். அப்போது கையிலுள்ள வேலையை வைத்துவிட்டுக் கேளுங்கள். "கடவுள் கிட்டே போய்விட்டார்", "தூங்கிவிட்டார்" என்று பூசி மெழுகாமல் "இறந்துவிட்டார்" என்றே பேசுங்கள். ஒன்றாம் வகுப்புத் தம்பிக்கும் அதே சொல்தான்.

இன்னொன்றை நீங்களே எடுத்துச் சொல்லியாக வேண்டும். இந்தத் தொற்றுக்காலம் முழுக்க, "வெளியே போகாதே, தாத்தாவுக்கு வந்துவிடும்" என்று பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னோம். சொல்ல வேண்டிய எச்சரிக்கைதான். ஆனால் தாத்தா இறந்த பிறகு அந்த வாக்கியம் பிள்ளையின் மனத்தில் வேறு பொருள் கொள்கிறது. என்றைக்கோ தோழி வீட்டுக்குப் போனதும், முகக்கவசத்தைக் கழற்றியதும் ஞாபகத்துக்கு வரும். "என்னால்தான் வந்ததோ" என்ற எண்ணத்தை மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் சுமக்கும் பிள்ளைகளை ஆலோசனை அறையில் நான் தொடர்ந்து பார்க்கிறேன். அவள் கேட்பாள் என்று காத்திருக்க வேண்டாம். "தாத்தாவுக்கு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. உன் தப்பு இல்லை" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ஒருமுறை சொன்னால் போதாது.

அவள் வாய் திறக்காவிட்டாலும், சாப்பாடு, தூக்கம், விளையாட்டு, தோழிகள் எல்லாவற்றிலும் ஒருசேரப் பிடிப்பு விட்டுப்போய், அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் குழந்தைகள் நல மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்பது போல ஒரு வார்த்தை வந்தாலோ, கையில் காயங்கள் தெரிந்தாலோ அன்றைக்கே போக வேண்டும், அவளைத் தனியே விடக் கூடாது. காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்ப்பதுபோலத்தான் இதுவும்.

இனிப் பாடத்துக்கு வருகிறேன். விட்டுப்போன பாடத்தையெல்லாம் பிடிக்க வேண்டியதில்லை. பிடிக்கவும் முடியாது. இதைத் தைரியமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

2005 அக்டோபர் 8 அன்று பாகிஸ்தானின் வடபகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அங்கே பள்ளிகள் சராசரியாக 14 வாரங்கள் மூடிக்கிடந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்துப் பார்த்தார்கள். வீடுகள் மீண்டும் எழும்பியிருந்தன, நிவாரணப் பணம் வந்திருந்தது, பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. ஆனாலும் நிலநடுக்கம் கடுமையாகத் தாக்கிய இடத்துக்கு அருகில் வாழ்ந்த பிள்ளைகள், தொலைவில் வாழ்ந்தவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுப் படிப்பு பின்தங்கியிருந்தார்கள். பள்ளி மூடியதோ மூன்று மாதச் சொச்சம். ஒன்றரை ஆண்டு எங்கிருந்து வந்தது? பள்ளி திறந்த பிறகு, பிள்ளைகள் எங்கே நின்றார்கள் என்று பார்க்காமல் அந்தந்த வகுப்புப் பாடத்தையே தொடர்ந்து நடத்தியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். இரண்டு இலக்கக் கழித்தலில் நின்ற பிள்ளைக்கு நீண்ட வகுத்தல் நடத்தினால் அது வகுத்தலையும் கற்காது, கழித்தலும் மறந்துபோகும். பள்ளி நடக்க நடக்கப் பின்னடைவு வளர்ந்துகொண்டே போகும். மூடியதைவிட, திறந்த பிறகு அவசரப்பட்டதுதான் அதிகச் சேதம் செய்தது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அதே ஆய்வு சொல்லும் இன்னொரு செய்தி உங்களுக்காகவே எழுதியதுபோல இருக்கிறது. தாய் தொடக்கக் கல்வியை முடித்திருந்த வீடுகளில், பிள்ளைகளிடம் இந்தப் பின்னடைவு காணப்படவில்லை. அந்தத் தாய்மார்களிடம் பட்டம் இருந்ததாகச் சொல்லவில்லை. தொடக்கப் பள்ளியை முடித்திருந்தார்கள், அவ்வளவுதான். நீங்கள் எட்டு வகுப்பு படித்திருக்கிறீர்கள். "என்னால் என்ன முடியும்" என்ற கேள்வியை இனி எழுத வேண்டாம்.

முதல் வேலை, அவள் எங்கே நிற்கிறாள் என்று கண்டுபிடிப்பது. தேர்வு என்று பெயர் வைக்காமல், நேரம் குறிக்காமல், ஒரு காலை வேளையில் ஒரு தாளில் சில கணக்குகளை எழுதிக் கொடுங்கள். எளியதிலிருந்து ஆரம்பியுங்கள்: 42-இல் 17-ஐக் கழி. 300-இல் 128-ஐக் கழி. 7 பெருக்கல் 8. 612-ஐ 6-ஆல் வகு. 1/2-உம் 1/3-உம் சேர்ந்தால் எவ்வளவு? 0.5, 0.35 இரண்டில் எது பெரியது?

எத்தனை சரி என்று எண்ண வேண்டாம். தவறான விடைகளைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு தவறும் ஒரு காரணத்தோடு வருகிறது. 42-இல் 17-ஐக் கழித்து 35 என்று எழுதினால், 2-இலிருந்து 7 போகாததால் 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிட்டாள் என்று பொருள். கடன் வாங்குவது மறந்திருக்கிறது, கழித்தல் மறக்கவில்லை. 612-ஐ 6-ஆல் வகுத்து 102-க்குப் பதில் 12 என்று எழுதினால் இடமதிப்பில் பூச்சியத்தின் வேலை நழுவியிருக்கிறது. பாதியையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி 2/5 என்று எழுதினால், பின்னத்தை ஒரே எண்ணாகப் பார்க்காமல் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு எண்களாகப் பார்க்கிறாள். 35 பெரிது என்பதால் 0.35-தான் பெரிது என்றால் தசமம் இன்னும் முழு எண்ணாகவே தெரிகிறது. விடையைப் பார்த்ததும் "தப்பு" என்று சொல்லிவிடாமல், "இதை எப்படிப் போட்டாய், எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். அவள் சொல்லச் சொல்ல, எந்த இடத்தில் வழி மாறினாள் என்பது உங்களுக்கும் தெரியும், பெரும்பாலும் அவளுக்கே தெரிந்துவிடும்.

வாசிப்புக்கும் இதேதான். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தடையில்லாமல் படித்தால் புத்தகத்தை மூடிவிட்டு, "என்ன நடந்தது?" என்று கேளுங்கள். சரளமாகப் படித்துவிட்டு ஒன்றுமே சொல்லத் தெரியாத பிள்ளைகள் உண்டு, எழுத்துக்கூட்டித் திணறினாலும் கதையை அப்படியே சொல்லிவிடும் பிள்ளைகளும் உண்டு. முதல் வகைக்கு வேண்டியது பொருள் புரிந்து நிதானமாகப் படிக்கும் பழக்கம். இரண்டாம் வகைக்கு வேண்டியது தினசரி வாசிப்பு மட்டுமே.

நின்ற இடம் தெரிந்துவிட்டதா? அங்கிருந்து தொடங்குங்கள். அது நான்காம் வகுப்புக் கணக்காக இருந்தாலும் சரி. வெட்கப்பட ஒன்றுமில்லை, மீட்பதற்கு நீங்கள் நினைப்பதைவிடக் குறைந்த காலமே ஆகும். 1885-இல் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறோம் என்று அளந்தார். முதலில் மிக வேகமாக மறக்கிறோம் என்ற முடிவைத்தான் பலரும் எடுத்துச் சொல்கிறார்கள். அவர் கண்ட மற்றொன்று நமக்கு அதைவிட முக்கியம்: முழுக்க மறந்துவிட்டதாகத் தோன்றுவதை மறுபடி கற்க, முதல்முறை எடுத்ததைவிடக் குறைந்த நேரமே தேவைப்படுகிறது. உங்கள் மகள் கழித்தலை ஒருமுறை நன்றாகக் கற்றவள். புதிதாகக் கற்பவள் அல்ல.

தினமும் அரை மணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார வைப்பதைவிட இது பலமடங்கு பலன் தரும். அந்த அரை மணியில் பாதியைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் செலவிடுங்கள். நேற்றுப் படித்ததை இன்று பார்க்காமல் சொல்வது, போன வாரக் கணக்கில் ஒன்றை இந்த வாரம் திடீரென்று போடுவது, இப்படி. படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பவர்களைவிட, படித்ததைத் தானே நினைவுபடுத்திச் சொல்லிப் பார்ப்பவர்கள் நாள்பட்ட பின் அதிகம் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது பல சோதனைகளில் உறுதியாகியிருக்கிறது. உங்களுக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. "எனக்கு இது புரியவில்லை, நீ சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். உண்மையாகவே புரியாத தாய் கேட்கும்போது பிள்ளை இன்னும் தெளிவாக விளக்க முயலும்.

இங்கே ஒரு வேண்டுகோள். பள்ளி மூடிய வீடுகளில், மகள் வீட்டில்தானே இருக்கிறாள் என்று சமையலும் பாத்திரமும் தம்பியைப் பார்ப்பதும் மெல்ல மெல்ல அவள் தலையில் விழுகின்றன. யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. உங்கள் வீட்டில் அப்படி நடக்கிறதா என்று மட்டும் ஒரு வாரம் கவனியுங்கள். அவளுடைய அந்த அரை மணி நேரத்தை எந்த வேலைக்காகவும் யாரும் கேட்கக் கூடாது.

ஆன்லைன் வகுப்பில் அவள் படுத்துக்கொள்வதைப் பற்றி. இணைய வசதியில் முன்னணியில் இருக்கும் நெதர்லாந்தில் 2020-இல் பள்ளிகள் 8 வாரங்கள் மூடப்பட்டன. மூடுவதற்கு முன்பும் பிறகும் நடந்த தேர்வுகளை ஒப்பிட்டபோது, வீட்டிலிருந்து படித்த அந்தக் காலத்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் மிகச் சிறிதளவே முன்னேறியிருந்தார்கள். வீட்டுக்கு வீடு கணினி இருந்த நாட்டிலேயே இந்த நிலை. ஒற்றைக் கைப்பேசியின் சிறிய திரையில் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்கள் மகளைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கேமராவை அணைப்பதும் குற்றமில்லை. இந்த வயதில் தன் முகத்தைத் தானே திரையில் பார்த்துக்கொண்டும், நாற்பது பேர் பார்க்கிறார்கள் என்று கூசிக்கொண்டும் பாடம் கேட்பது பெரிய அலுப்பு. கேமராவுக்காகச் சண்டை போட வேண்டாம். படுத்துக்கொண்டு கேட்க வேண்டாம், உட்கார்ந்து கையில் பென்சிலோடு கேள் என்ற ஒன்றை மட்டும் வலியுறுத்துங்கள். வகுப்பு முடிந்ததும் கேட்டதில் மூன்று விஷயங்களை நோட்டில் எழுதட்டும். மூன்று வரவில்லையா, ஒன்று எழுதட்டும்.

எல்லா வகுப்புக்கும் அவள் உட்கார்ந்தாக வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. 1937 செப்டம்பரில் சிகாகோ நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது பள்ளி திறப்பு தள்ளிப்போனது. மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை 3 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளுக்கு வானொலியில் பாடம் நடத்தினார்கள். ஒரு பாடத்துக்குக் கால் மணி நேரம்தான். எந்த வகுப்புக்கு எப்போது என்ற அட்டவணையை நாளிதழ்கள் வெளியிட்டன, பெற்றோர் சந்தேகம் கேட்கத் தொலைபேசி எண் ஒன்றும் இருந்தது. ஆளில்லாமல் குரல் மட்டும் வரும் பாடத்தைப் பிள்ளைகள் எவ்வளவு நேரம் தாங்குவார்கள் என்று அன்றைய ஆசிரியர்கள் புரிந்துவைத்திருந்தார்கள். இன்று பள்ளி நேரத்தை அப்படியே தூக்கித் திரையில் வைத்துவிட்டோம். ஆகவே வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். சந்தேகம் கேட்க வாய்ப்புள்ள இரண்டு வகுப்புகளுக்கு நேரலையில் வருவாள், மற்றவற்றின் பதிவையோ வீட்டுப்பாடத்தையோ பிறகு பார்ப்பாள் என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் ஒரே கைப்பேசிதான் என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், பிள்ளை வகுப்புக்கு வராததற்கு அக்கறையின்மைதான் காரணம் என்று ஆசிரியர் நினைத்துக்கொள்வார்.

ஆசிரியரிடம் இன்னொன்றும் கேட்கலாம்: வாரம் ஒருமுறை அவளோடு தொலைபேசியில் பத்துப் பதினைந்து நிமிடம் பேச முடியுமா? சின்ன விஷயமாகத் தெரியும். 2020-இல் ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவில் பள்ளிகள் மூடியிருந்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்களிடையே ஒரு சோதனை நடந்தது. சில வீடுகளுக்கு வாரந்தோறும் சில கணக்குகள் குறுஞ்செய்தியாகப் போயின. வேறு சில வீடுகளுக்குக் குறுஞ்செய்தியோடு, ஒருவர் கூப்பிட்டுப் பதினைந்து இருபது நிமிடம் பேசினார், பிள்ளையோடு சேர்ந்து ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தார். தெளிவான முன்னேற்றம் தெரிந்தது அழைப்பு வந்த வீடுகளில்தான். திறன்பேசிகூட அதற்குத் தேவைப்படவில்லை. ஆசிரியருக்கு நேரமில்லை என்றால், படித்த அத்தையோ சித்தப்பாவோ செய்யலாம். தன் பெயரைச் சொல்லி அழைத்து, தன் கணக்கை மட்டும் பார்க்கும் ஒரு குரல் வேண்டும், அவ்வளவே.

இதிலிருந்தே உங்கள் கணவருக்கான பதிலும் வந்துவிடுகிறது. அவர் மகள்மேல் வைத்திருக்கும் அக்கறை புரிகிறது. ஆனால் ஏற்கெனவே திரையில் சோர்ந்துபோன பிள்ளைக்கு மாலையில் இன்னொரு திரை வேண்டாம், அதுவும் ஏழாம் வகுப்புப் பாடத்தையே மறுபடி நடத்தும் திரை. நேரில் வந்து, அவள் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுக்கும் ஆள் கிடைத்தால் சேருங்கள். கிடைக்காவிட்டால் அவரே மாலையில் அந்த அரை மணியில் வாரம் இரண்டு நாள் உட்காரட்டும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கணக்கைப் பார்ப்பது இப்போது எந்த டியூஷனையும்விடப் பெரிது.

மாமியார் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஒரே வகுப்பில் மறுபடி உட்கார வைத்த பிள்ளைகளிடம் முதல் ஓரிரு ஆண்டுகளில் தெரியும் முன்னேற்றம் பிறகு தேய்ந்துபோவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் மகளுக்கோ அது கொஞ்சமும் பொருந்தாது. அவளுடைய ஓட்டை மூன்றாம் நான்காம் வகுப்புக் கணக்கில் இருந்தால், ஏழாம் வகுப்பை இன்னொரு முறை கேட்டு என்ன பயன்? தாத்தாவை இழந்தவள் தோழிகளையும் இழக்க வேண்டுமா? இதை மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவரும் கணவரை இழந்து நிற்பவர். வீடு பழையபடி ஆக வேண்டும் என்ற தவிப்பில்கூட அவர் அப்படிச் சொல்லியிருக்கலாம். பேத்தியிடம் தாத்தாவைப் பற்றிப் பேச அந்த வீட்டில் மிகப் பொருத்தமானவர் அவர்தான் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை என்றாலும் கேட்காமல் விட முடியவில்லை. 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரமும், அதற்கு மேல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பள்ளி மூடினால் முதலில் குலைவது இதுதான். "சீக்கிரம் படு" என்று இரவில் போராடுவது வீண். எழும் நேரத்தைத் தினமும் ஒன்றாக வையுங்கள், எழுந்ததும் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் நிற்கட்டும். இரவில் கைப்பேசி உங்கள் அறையில் இருக்கட்டும். சில நாளில் படுக்கும் நேரம் தானாக முன்னே வரும்.

மகனைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுகிறேன், அவனுக்கு ஏதோ குறை என்பதற்காக அல்ல. அக்காவிடம் மீட்டெடுக்கப் பழைய படிப்பு இருக்கிறது. அவனுக்கு எல்லாமே முதல்முறை. வாசிப்பு கைவராமல் மூன்றாம் வகுப்புவரை போய்விட்டால் அதன்பின் எல்லாப் பாடமும் கைநழுவும். ஒரு கைப்பேசியை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வியில் தயங்காமல் மகளுக்குக் கொடுத்துவிடுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குத் திரை எழுத்து கற்றுத் தராது, மடியில் உட்கார வைத்துக் கற்றுத்தர ஆள் வேண்டும்.

247 எழுத்தையும் வரிசையாக முடித்த பிறகுதான் சொல் என்று காத்திருக்க வேண்டாம். ப, ட, ம மூன்றையும் காட்டி, எழுத்தின் மேல் புள்ளி வைத்தால் ஒலி எப்படிக் குறுகுகிறது என்று சொல்லிக்கொடுங்கள். அந்த மூன்றிலேயே படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்கள் கிடைக்கும். நான்கு சொல்லைத் தானே படித்துவிட்ட பிள்ளைக்கு நான்காவது எழுத்தைக் கற்கும் ஆசை தானாக வரும். எழுத்தைச் சொல்லிக்கொண்டே விரலால் தரையில் பெரிதாக எழுதட்டும், நோட்டும் கோடும் பிறகு. இரவில் பத்து நிமிடம் ஒரு கதைப் புத்தகத்தை வரியின் கீழே விரல் ஓட்டிப் படித்துக் காட்டுங்கள். ஒரே கதையை அவன் இருபது நாள் கேட்டாலும் படியுங்கள். அக்கா விரும்பினால் அவளும் படித்துக் காட்டலாம். அது அவளுக்கும் நல்ல வாசிப்புப் பயிற்சி, ஆனால் அதை அவளுடைய கடமையாக்க வேண்டாம். நோய்த்தடுப்பு விதிகளுக்கு உட்பட்டு, அவன் வயதுப் பிள்ளை ஒருவரோடாவது விளையாட வழி செய்யுங்கள். முறை வைத்து விளையாடுவது, தோற்பது, இன்னொருவர் பேசி முடிக்கும்வரை பொறுப்பது எல்லாம் ஒன்றாம் வகுப்பின் பாடங்கள்தான்.

பள்ளி மறுபடி திறக்கும்போது, முதல் நாள் அவள் திரும்பி வந்ததும் "என்ன நடத்தினார்கள்" என்று ஆரம்பிக்காமல், "யாரோடு உட்கார்ந்தாய்" என்று கேளுங்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு தோழிகளின் கூட்டம் கலைந்து வேறு மாதிரி சேர்ந்திருக்கும், அந்த வயதுக்கு அதுதான் பெரிய பயம். மகனும் அழலாம், காலைப் பிடித்துக்கொள்ளலாம். அவனுக்கு அது முதல் நாள் என்பதை வயதைப் பார்த்து மறந்துவிடாதீர்கள். திரும்பி வரும் நேரத்தைச் சொல்லி, சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போய் நில்லுங்கள்.

திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே மகளின் வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிவிடுங்கள். அரைப் பக்கம் போதும். தாத்தா இறந்ததையும் அவள் இன்னும் அதிலிருந்து மீளவில்லை என்பதையும் எழுதுங்கள். அவள் கணக்குத் தாளில் எந்த இடங்களில் வழி மாறினாள், இதுவரை எவற்றைச் சரிசெய்துவிட்டீர்கள் என்பதை எழுதி, அந்தத் தாளையும் சேர்த்து வையுங்கள். முதல் சில வாரங்கள் கரும்பலகைக்கு அழைத்து எல்லோர் முன்னாலும் கணக்குப் போடச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் அவளிடம் படித்துக் காட்டி, எதை எடுத்துவிட வேண்டும் என்று கேளுங்கள். அவள் வேண்டாம் என்று சொல்லும் வரியை எடுத்துவிடுங்கள்.